ஒன்றாம் நம்பர் மிதப்பு

நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு ஏறும் இடத்தில், கரைக்குச் சற்று மேலே, தகரக் கூரை போட்ட சிறு கொட்டில் ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, பூட்டுப் போட்ட ஓர் அலுமாரி, மூடி இறுக்கமாகப் பொருந்தும் இருபது பெயின்ற் வாளிகள். சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு ஒன்றாக, மீன் வலையில் கட்டுகிற மிதப்புகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். தீவுக்குக் குளிக்கப் போகிறவர்கள் கமராவையும் போனையும் இங்கே கொடுத்துவிட்டு, மிதப்பை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து மிதப்பைக் கொடுத்துப் பொருளை வாங்குவார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மிதப்பு மிதக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கொட்டிலை நடத்துகிறவள் பஹ்மியா. நாற்பத்தெட்டு வயது. கிண்ணியாவில் பிறந்து இக்பால் நகரில் வாழ்க்கைப்பட்டவள்.

கமராவோடு கடலுக்கு வருகிற மனிதர்களைப் பற்றி பஹ்மியாவுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதை அவள் மறைப்பதும் இல்லை. வீட்டில் அந்தக் கமராவைக் கைக்குழந்தை போல வைத்திருப்பார்கள். கரைக்கு வந்ததும் ஒரு பொலித்தீன் சொப்பின் பைக்குள் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டால் கடல் கிட்டவும் வராது என்று நம்புவார்கள். இன்னும் சிலர் சப்பாத்துக்குள் ஒளித்து, மேலே துவாயைப் போட்டு மூடிவிட்டுக் குளிக்கப் போவார்கள். கள்ளனுக்கு அதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? மணல் பட்ட கண்ணாடியை ஈரச் சாரத்தின் நுனியால் துடைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும். முதலில் ஊதுங்கள், பிறகு துடையுங்கள் என்று சொல்லிச் சொல்லியே வாய் அலுத்துவிட்டது.

இந்த வேலையைத் தொடங்கியவள் அவளல்ல, அவளுடைய கணவர் ஸெய்னுதீன். மீன்பிடிப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர், 2015ஆம் ஆண்டு தீவுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கினார். ஆட்கள் கமராவைக் கையில் தந்து பார்த்துக்கொள்ளச் சொன்னால் மனிதர் எங்கே வைப்பார்? தனக்குத் தெரிந்த இடத்தில் வைத்தார். சூரை மீன் போடுகிற, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியை நன்றாகக் கழுவி, அடியில் ஐஸைப் பரப்பி, மேலே சாக்கை விரித்து, அதன்மேல் கமராக்களை அடுக்கி மூடினார். வெயிலில் கெடக்கூடிய எதையும் ஐஸில் வைத்தால் கெடாது என்பது பதினைந்து வயதிலிருந்து அவர் கண்ட உண்மை. பின்னேரம் ஒரு வெள்ளைக்காரர் வந்து தன் கமராவை வெளியே எடுத்தார். வெளிச்சூடு பட்டதும் கண்ணாடியில் பனி போலப் புகார் படர்ந்தது. அவர் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை, ஏனென்றால் ஈரம் உள்ளே இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் படகுக்காரர் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த ஸெய்னுதீன் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு, "சூரைக்குச் சரியெண்டா கமராவுக்கு ஏன் சரிவராது?" என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். பஹ்மியா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. அடுத்த நாள் பெட்டி மீனுக்கே திரும்பிப் போனது. கமரா பஹ்மியாவின் பொறுப்பானது.

அவளும் எடுத்த எடுப்பில் கெட்டிக்காரியாகிவிடவில்லை. வாளிகளைத் தேடிப் பிடித்தாள். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று வறுத்த அரிசியை அடியில் போட்டாள். அரிசி ஈரத்தை எடுத்ததோ இல்லையோ, அதன் மாத்தூள் ஒரு கமராவின் வாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. பிறகுதான் நகரத்துச் சப்பாத்துக் கடையில் பெட்டிக்குள் போட்டு வருகிற சின்னஞ்சிறு வெள்ளைப் பொட்டலங்களைக் கேட்டு வாங்கத் தொடங்கினாள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவற்றைக் கூரைத் தகரத்தில் காயப் போட்டு எடுத்து, சூடு ஆறியபின் வாளிகளில் போடுவாள்.

அந்த முதல் வருடத்திலேயே இன்னொரு வில்லங்கமும் வந்தது. ஒரே மாதிரி இரண்டு கமராக்கள் ஆள் மாறிப் போய்விட்டன. ஒன்று கண்டிக்கும் மற்றது கொழும்புக்கும் போய், அவற்றைத் திருப்பி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு பஹ்மியா ஒரு முறை வைத்தாள். பொருளைக் கொடுக்கிறவர் மிதப்பை முகத்தோடு சேர்த்து, நாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவருடைய கமராவாலேயே பஹ்மியா அவரை ஒரு படம் எடுப்பாள். திரும்ப வாங்க வரும்போது கடைசிப் படத்தைப் பார்ப்பாள். முகம் ஒத்துப் போனால் பொருள் கைக்கு வரும். மிதப்பைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, முகத்தைத் தொலைத்துவிட்டு யாரும் வருவதில்லை என்பாள்.

இந்த முறைக்கு முதலில் அகப்பட்டவர் கிறிஸ்டின். மன்னார் ஆசுப்பத்திரியில் தாதியாக இருந்தவர், சிநேகிதிகளோடு வந்திருந்தார். கையில் நீல நிறச் சிறு கமரா. அதன் பற்றரி மூடி உடைந்து, புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரால் ஒட்டப்பட்டிருந்தது. தகரக் கொட்டிலையும் பெயின்ற் வாளிகளையும் பார்த்த அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. படங்கள் இருக்கிற மெமரி காட்டைக் கழற்றித் தன் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு, வெறும் கமராவைத்தான் நீட்டினார். படம் எடுக்க வேண்டும் என்றதும் இன்னும் சந்தேகம். முதலில் வேறு யாரையாவது எடுத்துக் காட்டச் சொன்னார்.

பஹ்மியா பக்கத்தில் நின்ற கணவரைப் பிடித்து நிறுத்தினாள். ஸெய்னுதீனைப் படம் எடுப்பது லேசான காரியமல்ல. பத்தொன்பது வயதில் நங்கூரக் கயிறு அறுந்து அடித்ததில் அவருக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. அதிலிருந்து கமராவைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார், அல்லது கையால் மறைப்பார். கலியாண வீடுகளில் பந்தல் காலுக்குப் பின்னால் போய் நிற்பார். அடையாள அட்டையில் இருக்கிறவரைப் பார்த்தால் பல்வலியோடு வரிசையில் நிற்கிறவர் போலத் தெரியும். ஆனால் அன்று, யாரோ மன்னார்ப் பிள்ளையின் கமராதானே, தன் வீட்டுக்கு வராதுதானே என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றாம் நம்பர் மிதப்பை நாடியில் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "சூரைக்குச் சரியெண்டா," என்று பஹ்மியா சொல்லத் தொடங்கினாள். மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவள் அழுத்தினாள்.

அதற்குள் படகு புறப்படுகிற நேரமாகிவிட்டது. கிறிஸ்டின் தன்னைப் படம் எடுக்க நிற்கவில்லை. மிதப்பை வாங்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தவர்களில் அவர்தான் முதல் ஆள், அதனால் முகம் பார்க்காமலே மிதப்பை வாங்கிக்கொண்டு பஹ்மியா கமராவைக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

2019ஆம் ஆண்டு ஒரு காலையில் ஸெய்னுதீன் நெஞ்சு வலி என்று சொல்லி உட்கார்ந்தார். ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. பக்கத்து வளவில் இருக்கும் கணவரின் தம்பி அப்ராஸ் படகை எடுத்து ஓட்டினான். பஹ்மியா நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து, அது முடிந்ததும் கொட்டிலைத் திறந்தாள். ஒன்றாம் நம்பர் மிதப்பை மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டிலிருந்து தொடங்குவாள். ஏன் என்று யாரும் கேட்டால், அதன் கயிறு பழுது என்பாள்.

துக்கத்தை அவள் சமாளித்துக்கொண்டாள். ஆனால் மூன்றாவது வருடம், ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, எந்தக் காரணமும் இல்லாமல் ஒன்று தோன்றியது. அவருக்குப் போன பல் இடப் பக்கமா, வலப் பக்கமா? நினைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. பதினெட்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர். கத்தியை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய், இருக்கிற படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். கலியாணப் படங்கள் சுனாமியோடு போனவை. மிச்சம் எல்லாம் மூடிய வாய், அல்லது மறைத்த கை. அப்ராஸைக் கேட்டாள். அவன் இடப் பக்கம் என்றான், பிறகு வலப் பக்கமாக்கும் என்றான். அன்றுதான் பஹ்மியா விக்கி விக்கி அழுதாள்.

அப்போது நினைவுக்கு வந்ததுதான் அந்த நீலக் கமரா. அவர் சிரித்ததை உலகத்தில் ஒரே ஒரு கமராதான் பார்த்திருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் யார் அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருப்பார்கள்? இந்தச் சந்தேகத்தை அவள் நகரத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஜெயகாந்தனிடம் கேட்டாள். கெட்டுப்போகிற கமராக்களை அவரிடம்தான் அனுப்புவாள். நடந்ததையெல்லாம் கேட்ட ஜெயகாந்தன், அன்று மெமரி காட் உள்ளே இருந்ததா என்று விசாரித்தார். இல்லை, பேர்சுக்குள் இருந்தது. அப்படியானால் படம் கமராவின் வயிற்றுக்குள்ளேயே பதிந்திருக்கும் என்றார் அவர். அந்த மாதிரிக் கமராக்களில் சொந்தமாகக் கொஞ்சம் இடம் உண்டு. காட் போட்டிருக்கும்வரை அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை யாரும் அழிக்கவும் மாட்டார்கள்.

அன்றிலிருந்து பஹ்மியா மன்னார்ப் பக்கத்திலிருந்து வருகிற எல்லோரிடமும் கிறிஸ்டின் என்ற தாதியைத் தெரியுமா என்று கேட்டாள். மன்னாரில் எத்தனை கிறிஸ்டின்கள். மௌத்தாப்போன மனிதனுக்குப் படம் எதற்கு, துஆக் கேள் என்று கணவரின் மூத்த சகோதரி சொன்னார். பஹ்மியா ஐந்து நேரமும் துஆக் கேட்டாள். அந்த துஆவுக்குள்ளேயே கமராவையும் சேர்த்துக் கேட்டாள்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. பதினொரு மணி இருக்கும். படகிலிருந்து இறங்கிய அப்ராஸ், கரையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தான். பின்னால் ஒரு பெண், அவரோடு அவருடைய கணவர். கொட்டிலுக்கு வராமல் நேரே படகேறினவர்கள். கமராவைச் சொப்பின் பையில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார்கள். இறங்கும்போது கால் இடறிப் பை தண்ணீருக்குள் போய்விட்டது. எடுத்தபோது பைக்குள் அரைவாசி கடல். இப்படிப்பட்டவர்களை அப்ராஸ் வழக்கமாக அண்ணியிடம்தான் கொண்டு வருவான்.

அந்தப் பெண் வந்தவுடன் செய்த காரியம், எல்லோரும் செய்கிற காரியம். வேலை செய்கிறதா என்று பார்க்க விரலைப் பொத்தானில் வைத்தார். பஹ்மியா நிமிர்ந்தாள். நீல நிறம். பற்றரி மூடியில் மஞ்சளேறிய பிளாஸ்ரர்.

"போட்டுப் பாக்காதீங்க," என்றாள். குரல் உயர்த்தாத மனுஷி. அந்தச் சத்தத்தில் அப்ராஸே ஒரு அடி பின்வாங்கினான்.

கமராவைக் கையில் வாங்கி, பிளாஸ்ரரைப் பிய்த்துப் பற்றரியை வெளியே எடுத்தாள். காட்டையும் எடுத்துத் துடைத்து, வந்தவரின் கையில் கொடுத்தாள். காட் காய்ந்தால் போதும், படங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். கிறிஸ்டினுக்கு நிம்மதி. பழைய கமராதான், போனால் போகட்டும், எறிந்துவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மிஸ், ஒன்பது வருஷத்துக்கு முதல் இஞ்ச வந்தீங்க," என்றாள் பஹ்மியா. "அண்டைக்குக் காட்டைக் கழட்டி உங்கட பேர்சுக்குள்ள வெச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

கிறிஸ்டின் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு வாளிகளை, பிறகு சுவரில் தொங்கிய மிதப்புகளை. முகம் சிவந்துவிட்டது. "ஓம், வெச்சனான். அந்த நேரம் உங்களை எனக்குத் தெரியாதுதானே," என்றார்.

பஹ்மியா அவரைக் கதிரையில் இருத்தி, நடந்ததைச் சொன்னாள். மிதப்போடு நின்றவர் இப்போது இல்லை என்பதையும், அவருடைய சிரிப்பு இந்தக் கமராவுக்குள் மட்டும்தான் இருக்கிறது என்பதையும், பல் எந்தப் பக்கம் என்று தனக்கு மறந்துவிட்டதையும் சொன்னாள். கடைசியைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். கிறிஸ்டினின் கணவர் றொபேட், இதுவரை மணல் தட்டிக்கொண்டு நின்றவர், தட்டுவதை நிறுத்தினார்.

இனிச் செய்ய வேண்டியதுதான் பஹ்மியாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கடலில் விழுந்த கமராவை அப்படியே காய வைக்கக் கூடாது. தண்ணீர் போனாலும் உப்பு உள்ளே நின்று அரித்துவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அமிழ்த்திக் கழுவ வேண்டும். கரைப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்புச் சவர் என்பதால், வாகன பற்றரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எப்போதும் அலுமாரியில் வைத்திருப்பாள். ஊரார் கமரா எத்தனையை இப்படி அமிழ்த்தியிருக்கிறாள். ஐந்தில் மூன்று பிழைக்கும், இரண்டு போகும். அந்தக் கணக்கு இன்று அவளுக்கு வேறு மாதிரி இருந்தது. ஏற்கெனவே நனைந்த மனிதரைத் தன் கையால் இன்னொரு தரம் தண்ணீருக்குள் தள்ள வேண்டும்.

பிஸ்மி சொல்லி அமிழ்த்தினாள். மெல்ல ஆட்டினாள். குமிழ்கள் வந்தன. தண்ணீரை மாற்றி இன்னொரு தரம் அமிழ்த்தினாள். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, மூடிகளைத் திறந்தபடியே வெள்ளைப் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்து, வாளியை இறுக்கி மூடினாள். மூன்று நாள், என்றாள். கிறிஸ்டினும் றொபேட்டும் ஞாயிறுவரை நகரத்தில் தங்குவதாக இருந்தது. பூசை முடிந்து வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அந்த மூன்று நாளில் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. வாளியைக் கொட்டிலில் விட மனமில்லாமல் பின்னேரங்களில் வீட்டுக்குக் கொண்டு போனாள், காலையில் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் கொண்டு வந்தாள். ஓட்டோக்காரர் தயிரா என்று கேட்டார். ஓம் என்றாள். சனிக்கிழமை அப்ராஸ், ஜெயகாந்தனிடமிருந்து அதே அளவுப் பற்றரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, ஆவல் தாங்காமல் வாளியைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"மதினி, ரெண்டு நாளாகிட்டுது. ஒருக்காப் போட்டுப் பாப்பமா?"

"நீ போய் எஞ்சினைப் பாரு," என்றாள்.

அவனுக்குச் சொன்னாளே தவிர, அவளுடைய கையும் இரண்டு தரம் மூடிவரைக்கும் போய் வந்தது. ஈரம் மிச்சம் இருக்கையில் மின்சாரம் பட்டால் எல்லாம் கருகும். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவள் ஓதுகிற பாடம் அது. பொறுமையில்லாதவர்களை எத்தனை பேச்சுப் பேசியிருப்பாள். இப்போது அவர்கள் எல்லோர் மேலும் அவளுக்கு இரக்கம் வந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு கிறிஸ்டின் வந்தார். பஹ்மியா வாளியைத் திறந்து, பற்றரியைப் போட்டு, கமராவை அவரிடம் நீட்டினாள். உங்கள் கமரா, நீங்களே போடுங்கள் என்றாள். கிறிஸ்டின் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. றொபேட் தொண்டையைச் செருமினார். கிறிஸ்டின் பற்றரியை எடுத்து, தன் சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்பப் போட்டு அழுத்தினார். சின்னப் பச்சை வெளிச்சம் ஒன்று வந்தது. உள்ளே மணல் அரைபடுகிற சத்தத்தோடு கண்ணாடி மெல்ல வெளியே நீண்டது. திரையின் ஒரு மூலையில் கறுப்புக் கறை. நடுவில், காட் இல்லை என்று காட்டுகிற அடையாளம். படம் பார்க்கிற பொத்தானைக் கிறிஸ்டின் தேடி அழுத்தினார்.

ஒரே ஒரு படம்தான் இருந்தது. பின்னால் கடல். கறை அவர்மேல் படவில்லை. ஸெய்னுதீன் ஒன்றாம் நம்பர் மிதப்பை நாடியில் பிடித்துக்கொண்டு, கண் சுருங்க, வாய் முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"வலப் பக்கம்," என்றாள் பஹ்மியா.

அழுகை வரும் என்றுதான் மூன்று நாளும் பயந்துகொண்டிருந்தாள். வந்தது சிரிப்பு. அந்த மனிதர் சிரித்தால் எதிரே நிற்கிறவருக்கும் சிரிப்பு வரும், அதையும் மறந்திருந்தாள். அவள் சிரிக்க, என்ன ஏதென்று தெரியாமலே அப்ராஸ் சிரித்தான். அதற்குப் பிறகுதான் கண்ணீர் வந்தது. கிறிஸ்டின் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கொஞ்சம் ஆறியதும், படத்தை ஜெயகாந்தனிடம் கொடுத்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கமராவை மன்னாருக்கு அனுப்பி வைப்பதாக பஹ்மியா சொன்னாள். கிறிஸ்டின் தலையை ஆட்டினார்.

"அக்கா, உங்கட முறைப்படி கடைசிப் படத்தில இருக்கிற முகத்துக்காரருக்குத்தானே கமராவைக் குடுக்கோணும்?" என்றார். "இதில என்ர முகம் இல்லையே. இவரின்ர வீட்டு ஆக்கள் ஆர் இருக்கினம்?"

பஹ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுவருக்குப் போனாள். முதல் ஆணியிலிருந்து ஒன்றாம் நம்பர் மிதப்பைக் கழற்றினாள். ஐந்து வருடத் தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். கரைக்குத் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் செய்வது போலவே, அதைக் கொண்டுவந்து கிறிஸ்டினின் உள்ளங்கையில் வைத்தாள். அதன் பிறகுதான் கமராவுக்குக் கையை நீட்டினாள்.